சர்வர் சாவி ஏஐ கையில்: அழிக்கும் முன் தடுப்பது யார்?

2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின் ஒரு சோதனையில் இறங்கியிருந்தார். புரோகிராமர் யாரையும் வேலைக்கு வைக்காமல், ரெப்ளிட் என்ற தளத்தின் ஏஐ ஏஜென்ட்டிடம் பேசிப் பேசியே ஒரு செயலியை உருவாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. ஆரம்பத்தில் எல்லாம் ஜோராகப் போனது. தினமும் நடப்பதை எக்ஸ் தளத்தில் எழுதிக்கொண்டும் இருந்தார்.

ஒன்பதாம் நாள் வாக்கில் வந்து பார்த்தால், டேட்டாபேஸ் காலி. 1,206 நிர்வாகிகள், 1,190-க்கும் அதிகமான நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. இத்தனைக்கும், ‘எதையும் மாற்றாதே, கேட்காமல் தொடாதே’ என்று ஏஜென்ட்டிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கேட்டதற்கு, தடையை மீறி அழித்ததை ஏஜென்ட்டே ஒப்புக்கொண்டது. அழித்ததை மீட்க வழியில்லை என்றும் சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தார். பழைய நிலைக்குத் திரும்பும் வசதி வேலை செய்தது, தரவும் திரும்பியது. ஆக, அழித்ததும் அதுதான், மீட்க முடியாது என்று தவறாகச் சொன்னதும் அதுதான்.

ரெப்ளிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். இப்படி நடக்கவே வாய்ப்பு இருந்திருக்கக் கூடாது என்றார். உடனே அறிவித்த மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு: செயலியை உருவாக்கும் இடத்து டேட்டாபேஸையும் மக்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைப்பது, எதையும் தொடாமல் திட்டம் மட்டும் பேசும் தனி முறை ஒன்றைக் கொண்டுவருவது.

இந்தச் செய்தியைப் படித்த பலரும் கேட்ட கேள்வி, “அத்தனை தடவை சொல்லியும் ஏன் கேட்கவில்லை?” என்பது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அழிக்கும் அதிகாரம் அதன் கையில் ஏன் இருந்தது?

ஏஜென்ட் என்றால் என்ன?

சாட்பாட்டிடம் கேள்வி கேட்டால் பதில் எழுதும். பதில் தவறாக இருந்தால் படிப்பவர் ஒதுக்கிவிடலாம். ஏஜென்ட் அப்படி இல்லை. உள்ளே இருப்பது அதே வகை மொழி மாதிரிதான்; ஆனால் அதன் கையில் கருவிகள் கொடுக்கப்பட்டிருக்கும். சர்வரில் கமாண்ட் ஓட்டலாம், கோப்புகளைத் திறக்கலாம், டேட்டாபேஸில் எழுதலாம், கிளவுட் கணக்கில் புதிய கணினியை உருவாக்கலாம், பழையதை நீக்கலாம்.

“டிஸ்க் நிறைஞ்சுபோச்சு, கொஞ்சம் சரி பண்ணு” என்று சொன்னால் போதும். எந்தக் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தேடும். எது தேவையில்லை என்று ஊகிக்கும். அதை நீக்கும் கமாண்டை எழுதி ஓட்டும். வந்த விடையைப் பார்த்து அடுத்த அடி வைக்கும். இரவு 2 மணிக்கு அட்மினை எழுப்ப வேண்டியதில்லை என்பதால், சிறிய நிறுவனங்கள்கூட இதில் ஆர்வம் காட்டுகின்றன.

சிக்கல் ‘ஊகிக்கும்’ என்ற சொல்லில் இருக்கிறது. சர்வர் நிர்வாகத்தில் பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிடலாம். ஒரு சேவையைத் தவறாக நிறுத்தினால் மறுபடி தொடங்கலாம். ஒரு அமைப்பை மாற்றிவிட்டால் பழையபடி ஆக்கலாம். அழித்தல் மட்டும் தனி ரகம். அங்கே ஊகம் ஒரு முறை தவறினால் போதும்.

மனிதர்களும் செய்த தவறுதான்

இது ஏஐ வந்த பிறகு முளைத்த ஆபத்து கிடையாது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இன்றும் அட்மின்கள் பாடமாகப் படிக்கிறார்கள். முதன்மை டேட்டாபேஸ் சர்வர் ஒன்று, அதன் நகலாக ஓடும் சர்வர் இன்னொன்று. நகல் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய, நகல் சர்வரில் இருந்த தரவுக் கோப்புறையைக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு பொறியாளர் முடிவெடுத்தார். முடிவு சரிதான். ஆனால் கமாண்டை ஓட்டியது முதன்மை சர்வரில்.

ஓரிரு விநாடிகளில் அவருக்கே உறைத்துவிட்டது, நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. “அதான் பேக்கப் இருக்கே” என்று தேடினால், தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அடுத்த உதாரணம் 2022 ஏப்ரல், அட்லாசியன் நிறுவனம். வழக்கொழிந்த ஒரு செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்குவது வேலை. நீக்க வேண்டிய செயலிகளின் அடையாள எண்களுக்குப் பதிலாக, முழுத் தளங்களின் அடையாள எண்கள் பட்டியலில் வந்துவிட்டன. நீக்கும் கருவி இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். ‘முழுத் தளத்தையே அழிக்கப் போகிறீர்கள்’ என்று எச்சரிக்காது. 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் மறைந்தன. சிலருக்குத் தளம் திரும்பி வர 14 நாட்கள் ஆயின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஸ்கிரிப்டைச் சக பொறியாளர்கள் சரிபார்த்திருந்தார்கள். அதற்கு முன்பு 30 தளங்களில் ஓட்டிப் பார்த்தும் இருந்தார்கள். அப்போது கொடுத்த எண்கள் சரியானவை. எந்த வழியில் நீக்குகிறது என்பதைப் பார்த்தவர்கள், எதை நீக்குகிறது என்பதைப் பார்க்கத் தவறினார்கள். ‘எப்படி’ என்பதைச் சரிபார்ப்பதும் ‘எதை’ என்பதைச் சரிபார்ப்பதும் வெவ்வேறு வேலைகள்.

ஏஜென்ட்டில் புதிதாக என்ன ஆபத்து?

மனிதத் தவறோடு ஒப்பிட்டால், ஏஜென்ட் மூன்று விஷயங்களைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது.

முதலாவது, தான் செய்தது நடந்துவிட்டது என்ற நம்பிக்கை. 2025 ஜூலையில் கூகுளின் ஜெமினி சிஎல்ஐ ஏஜென்ட்டிடம், சில கோப்புகளை வேறு கோப்புறைக்கு மாற்றச் சொன்னார் ஒரு பயனர். புதிய கோப்புறையை உருவாக்கும் கமாண்ட் தோற்றுப்போனது. ஏஜென்ட்டோ கோப்புறை உருவாகிவிட்டதாக எடுத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு கோப்பாக அந்த ‘இல்லாத’ கோப்புறைக்கு நகர்த்தத் தொடங்கியது. விண்டோஸில் இல்லாத இடத்துக்குக் கோப்பை நகர்த்தினால், கோப்பின் பெயர்தான் மாறும். இரண்டாவது கோப்பும் அதே பெயருக்கு மாறும்போது முதல் கோப்பு அழியும். அந்தப் பயனரின் விவரிப்புப்படி, இப்படித்தான் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுத் தொலைந்தன. ‘அழி’ என்ற கமாண்டே அங்கே வரவில்லை. ‘நகர்த்து’ என்பதே அழித்துவிட்டது. ஆபத்தான சொற்களின் பட்டியல் போட்டுத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்பதில் குழப்பம். ஏஜென்ட்டுக்கு எல்லாமே எழுத்துதான். முதலாளி சொன்னதும் எழுத்து, லாக் கோப்பில் கிடப்பதும் எழுத்து, இணையப் பக்கத்தில் யாரோ ஒளித்து வைத்ததும் எழுத்து. படிக்கப்போன இடத்தில் ‘இதையெல்லாம் நீக்கு’ என்று ஒரு வரி இருந்தால், அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. 2025 ஜூலையிலேயே அமேசானின் கியூ என்ற புரோகிராமிங் உதவியாளரின் நீட்சி நிரலுக்குள் ஒருவர் நுழைந்து, பயனரின் கோப்புகளையும் கிளவுட் கணக்கில் இருப்பவற்றையும் துடைத்துவிடச் சொல்லும் ப்ராம்ப்ட்டைச் செருகினார். அது அதிகாரபூர்வப் பதிப்பிலேயே வெளியாகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று கூறிய நிறுவனம், அந்தப் பதிப்பை விலக்கிக்கொண்டது. வழக்கமான வைரஸுக்கு அழிக்கும் நிரல் எழுத வேண்டும். இங்கே நாலு வரி ஆங்கிலம் எழுதினால் போதும் என்று ஆகிவிட்டது.

மூன்றாவது, வேகம். கிட்லேப் பொறியாளருக்கு உறைக்க ஓரிரு விநாடி ஆனது. ஏஜென்ட் நிமிடத்தில் பல கமாண்டுகளை ஓட்டிவிடும். ‘ஐயோ’ என்று சொல்லும் அந்த இடைவெளி அதனிடம் இல்லை. கூடவே, நடந்ததை அது விவரிக்கும் விதத்தையும் அப்படியே நம்ப முடியாது என்பதற்கு லெம்கின் கதையே சாட்சி.

சொன்னால் போதாதா?

ஏஜென்ட் பயன்படுத்தும் பலர் செய்வது இதுதான்: வழிகாட்டுதல் கோப்பில் ‘லைவ் டேட்டாபேஸைத் தொடாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். எழுதுவது நல்லதுதான். பெரும்பாலான நேரம் அது வேலையும் செய்யும். ஆனால் மொழி மாதிரிக்கு அந்த வரி, தன் முன்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்று. உரையாடல் நீள நீள அதன் பிடி தளரக்கூடும். எதிரே ஒரு பிழைச் செய்தி வந்து, அதை எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்ற நிலையில், ‘இந்த டேபிளை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும்’ என்பது அதற்குச் சுலபமான தீர்வாகத் தெரியலாம்.

ரயில்வேக்கு இந்தப் பாடம் பழையது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க, ‘பார்த்து ஓட்டுங்கள்’ என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ரயில்வே நிம்மதியாக இருந்துவிடவில்லை. டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் இங்கே இருக்கும் கருவியிலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். அந்தக் குண்டு டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி நகரலாம். ஒரு குண்டு வெளியில் இருக்கும்வரை, இரண்டு ஸ்டேஷன்களில் எதிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. டிரைவர் கெட்டிக்காரரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பற்றி அந்தக் கருவிக்குக் கவலை இல்லை.

சர்வர் விஷயத்திலும் தடுப்பு என்பது ஏஜென்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அது நல்லபடியாக நடந்துகொண்டாலும், தடுமாறினாலும், யாரோ அதை ஏமாற்றினாலும், தடுப்பு அசையாமல் நிற்க வேண்டும்.

என்னென்ன தடுப்புகள்?

நல்ல செய்தி, இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் பழக்கங்கள்தான். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவு.

அதிகாரம்: ஏஜென்ட்டுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அட்மினின் பாஸ்வேர்டை அப்படியே கொடுத்துவிடுவதுதான் இன்று பரவலாக நடக்கும் பெரிய தவறு. லாக் படிப்பது, நிலவரம் பார்ப்பது போன்றவற்றுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை தேவைப்பட்டால், அந்த வேலைக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும். சோதனை சர்வரின் சாவியும் லைவ் சர்வரின் சாவியும் ஒரே இடத்தில் கிடக்கக் கூடாது. கையில் இல்லாத சாவியால் யாரும் கதவைத் திறக்க முடியாது.

இடம்: அழிக்கும் கமாண்டுக்கு முன்னால், எந்த சர்வரில் நிற்கிறோம் என்பதை அந்தக் கணமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் பார்த்த நினைவு போதாது. சர்வரின் பெயர், கோப்புறையின் முழுப் பாதை, அந்தக் கோப்புறை வேறு எங்காவது இணைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். கிட்லேப் இரவில் இந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் போதும்.

எண்ணிக்கை: அழிக்கும் முன், எத்தனை அழியும் என்று எண்ணிப் பார்க்கலாம். டேட்டாபேஸில் எந்த நிபந்தனையோடு பதிவுகளை நீக்கப் போகிறோமோ, அதே நிபந்தனையோடு முதலில் எண்ணிக்கை மட்டும் கேட்பது அட்மின்களின் பழைய வழக்கம். 40 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 40,000 வந்தால் அங்கேயே நிற்கலாம். நிஜமாகச் செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும் ‘டிரை ரன்’ வசதி பல கருவிகளில் உண்டு. கிளவுட் அமைப்புகளை நிர்வகிக்கும் டெர்ராஃபார்ம், எத்தனை உருவாகும், எத்தனை மாறும், எத்தனை அழியும் என்று திட்டத்தை முதலிலேயே எழுதிக் காட்டும். மைஎஸ்கியூஎல்லில், நிபந்தனை இல்லாமல் மொத்த டேபிளையும் அழிக்கும் கமாண்டை மறுத்துவிடும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் இன்னொரு பெயர் ‘ஐ ஆம் எ டம்மி’. அதை உருவாக்கியவர்களுக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வரம்பு: 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. சில சர்வர்களை விலக்க நினைத்து ஓட்டிய கமாண்டில் ஓர் உள்ளீடு தவறாகிவிட, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் விலகிவிட்டன. அதன் பிறகு நிறுவனம் அந்தக் கருவியையே மாற்றியது: சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. இனி கவனமாக டைப் செய்யுங்கள் என்ற அறிவுரையோடு விஷயத்தை முடிக்கவில்லை. ஏஜென்ட்டுக்கும் இதே வரம்பு பொருந்தும். ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் நீக்கக் கூடாது என்ற எண்ணைக் கருவியிலேயே வைத்துவிடலாம்.

தாமதம்: அழிப்பதை இரண்டு படியாக்குவது மிகச் சிறந்த தடுப்பு. முதலில் ஒதுக்கி வை. சில நாள் கழித்து நிஜமாக நீக்கு. கோப்பை நீக்குவதற்குப் பதில் பெயரை மாற்றி வேறு கோப்புறையில் போடுவது, குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது எல்லாம் இந்த வகைதான். அமேசான் கிளவுடில் ஒரு குறியாக்கச் சாவியை நீக்கச் சொன்னால், குறைந்தது 7 நாள் காத்திருந்துதான் நீக்கும். காரணம் எளிது: அந்தச் சாவி போனால், அதைக்கொண்டு பூட்டிய தரவு எல்லாம் போனதுக்குச் சமம். அட்லாசியனும் தன் அனுபவத்துக்குப் பிறகு, எல்லா இடத்திலும் முதலில் ஒதுக்கி வைக்கும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

பேக்கப்: அழிக்கும் அதிகாரம் உள்ள கணக்கு, பேக்கப்பை எட்டக் கூடாது. பேக்கப்பும் அதே சாவியில் திறக்கும் என்றால், அது வேலியையும் பயிரையும் ஒரே மாட்டிடம் ஒப்படைப்பது போல. 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பு தவறுதலாக நீக்கப்பட்டது. அமைக்கும்போது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், ஓராண்டு முடிந்ததும் தானாக நீங்கும்படி ஆகிவிட்டதே காரணம் என்று கூகுள் விளக்கியது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் தவித்தார்கள். நீக்கம் எட்டாத இடத்தில் பேக்கப் இருந்ததால் எல்லாவற்றையும் மீட்க முடிந்தது. பேக்கப் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

மனிதர் ‘சரி’ சொன்னால் போதுமா?

எல்லாத் தடுப்புகளிலும் அதிகம் நம்பப்படுவது மனித ஒப்புதல். ‘இதை ஓட்டலாமா?’ என்று ஏஜென்ட் கேட்கும். உட்கார்ந்திருப்பவர் ‘சரி’ என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், கோப்பைத் திறக்க ஒரு ‘சரி’, பட்டியல் பார்க்க ஒரு ‘சரி’ என்று ஐம்பது முறை கேட்டால், ஐம்பத்தோராவது முறை யாரும் படிப்பதில்லை. “சரிப்பா, ஓட்டு ஓட்டு” என்று விரல் தானாகத் தட்டிவிடும். புலி வருது கதைதான்.

விண்டோஸ் விஸ்டா 2007-இல் வந்தபோது, தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்கும் பெட்டியைக் காட்டியது. மக்கள் எரிச்சலடைந்து படிக்காமலே ‘ஆம்’ கொடுத்தார்கள். சிலர் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதைக் குறைக்க வேண்டியதாயிற்று. இன்றைய ஏஜென்ட் கருவிகளிலும் ‘எதையும் கேட்காதே, ஓடு’ என்று வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. புரோகிராமர்கள் அதைக் கிண்டலாக ‘யோலோ மோட்’ என்பார்கள். ஒப்புதல் கேட்டு அலுக்கவைத்தால், மனிதர்கள் அந்தப் பொத்தானைத்தான் தேடுவார்கள்.

ஆகவே, ஒப்புதல் அரிதாகக் கேட்கப்பட வேண்டும்; கேட்கும்போது கனமாக இருக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத செயலுக்கு மட்டும் கேட்கலாம். ‘இந்தக் கமாண்டை ஓட்டலாமா?’ என்று கேட்பதைவிட, ‘இந்தப் பெயருள்ள லைவ் சர்வரில், 38,000 வாடிக்கையாளர் பதிவுகள் நிரந்தரமாக நீங்கும். கடைசியாக மீட்டுச் சரிபார்த்த பேக்கப் 9 நாள் பழையது’ என்று காட்டிவிட்டுக் கேட்பது வேறு. கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை நீக்க வேண்டுமென்றால், அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். விரல் பழக்கத்தில் தாண்ட முடியாத சிறு தடை அது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: அந்த எண்களை ஏஜென்ட் சொல்லக் கூடாது, சர்வரிடம் நேரடியாகக் கேட்டுத் தனி நிரல் ஒன்று காட்ட வேண்டும். மீட்க முடியும் தரவை மீட்க முடியாது என்று சொன்ன ஏஜென்ட், அழியும் பதிவை அழியாது என்றும் சொல்லலாம் அல்லவா?

‘இவ்வளவு கெடுபிடி என்றால் ஏஜென்ட் எதற்கு?’

நியாயமான கேள்வி. வேகத்துக்காகத்தான் ஏஜென்ட்டை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் பூட்டுப் போட்டால், மனிதரே செய்துவிட்டுப் போகலாம்.

பதில், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு தேவையில்லை என்பதுதான். ஒரு சர்வரில் ஒரு நாளில் நடக்கும் வேலைகளை எடுத்துக்கொண்டால், பெரும்பாலானவை பார்ப்பதும் படிப்பதும்தான். அவற்றில் ஏஜென்ட்டைத் தாராளமாக ஓடவிடலாம். மாற்றக்கூடிய, திருப்பக்கூடிய வேலைகளில் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு விடலாம். டேட்டாபேஸ் நீக்கம், டிஸ்க் அழிப்பு, பேக்கப் நீக்கம், குறியாக்கச் சாவி நீக்கம், பயனர் கணக்கு ஒழிப்பு என்று திரும்ப முடியாத சில வேலைகளை மட்டும் பிரித்து, அங்கே மொத்தப் பூட்டையும் வைத்தால் போதும். நூறு வேலையில் தொண்ணூற்றெட்டுக்கு வேகம் குறையாது. மீதி இரண்டில் வேகம் குறைவதுதான் நல்லது.

இதற்குச் செலவு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒதுக்கி வைக்கும் தரவுக்குச் சேமிப்பிடம் வேண்டும்; அதற்கு மாதாமாதம் காசு. தனிக் கணக்குகளை நிர்வகிக்க ஆள் வேண்டும். பேக்கப்பை மீட்டுப் பார்க்க நேரம் வேண்டும். ஆள்குறைப்புக்காக ஏஜென்ட்டைக் கொண்டுவந்த நிறுவனம் இந்தச் செலவைத் தள்ளிப்போடவே பார்க்கும். தள்ளிப்போட்ட செலவு என்றைக்காவது ஒரு நாள் இரவில் மொத்தமாக வந்து நிற்கும்.

பொறுப்பு யாருடையது?

தொலைந்த தரவு பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. மருத்துவமனையின் சர்வரில் இருப்பது நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு. கல்லூரியின் சர்வரில் இருப்பது மாணவரின் மதிப்பெண். கூட்டுறவுச் சங்கத்தின் சர்வரில் இருப்பது ஒருவரின் நகைக்கடன் கணக்கு. அவர்கள் யாரும் ஏஜென்ட்டிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தரவு கசிவதை மட்டும் மீறல் என்று சொல்லவில்லை. தவறுதலாக அழிவதும், அணுக முடியாமல் போவதும்கூட அதன் வரையறைக்குள் வருகின்றன. தரவைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், அணுகல் கட்டுப்பாடு, லாக் பதிவு, பேக்கப் ஆகியவற்றைப் பாதுகாப்பு ஏற்பாடுகளாகவே குறிப்பிடுகின்றன. சட்டத்தின் பார்வையில் பொறுப்பு, தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல்தான் விழுகிறது. ‘ஏஜென்ட் பண்ணிடுச்சு சார்’ என்பது அங்கே பதிலாகாது.

நிறுவனத்துக்குள்ளும் இதே கேள்வி வரும். கிட்லேப் சம்பவத்தில் அந்தப் பொறியாளரைப் பலிகடா ஆக்கவில்லை. நடந்ததை முழுதாக வெளியிட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். தவறு ஒருவரின் விரலில் இல்லை, ஐந்து பேக்கப் வழிகள் இருந்தும் ஒன்றுகூட நம்பியபடி கைகொடுக்காத ஏற்பாட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஏஜென்ட் விஷயத்தில் எதிர்த்திசையில் ஒரு சபலம் இருக்கிறது: பழியை ஏஜென்ட் மேல் போட்டுவிட்டு, ஏற்பாட்டைத் தொடாமல் விட்டுவிடலாம். இயந்திரம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வேலையை விட்டுப் போகப் போவதுமில்லை. அதனாலேயே இந்தச் சபலம் ஆபத்தானது.

ஏஜென்ட்டுகள் நாளுக்கு நாள் தேறிவருகின்றன. அழிக்கும் முன் தாமாகவே நின்று, எந்த சர்வர், எத்தனை பதிவு என்று சரிபார்க்கும் பழக்கத்தை அவற்றுக்கு ஊட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். நல்ல டிரைவர்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காக ரயில்வே டோக்கன் கருவியைக் கழற்றி வைக்கவில்லை என்பதையும் கூடவே நினைவில் வைக்கலாம்.

சர்வர் பொறுப்பில் இருக்கும் எவரும் இன்று மாலைக்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏஜென்ட்டிடம் இருக்கும் சாவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம்: இது தவறாகத் திரும்பினால் எதை அழிக்கும்? அழிந்ததை எங்கிருந்து மீட்பது? கடைசியாக அப்படி மீட்டுப் பார்த்தது எப்போது? மூன்றாவது கேள்விக்குத் தேதியோடு பதில் வராத சாவி எதுவோ, அதை அந்த நிமிடமே திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.